காத்திருப்பும் களைப்பும்

நம் நாட்டில் வேலையில்லாமல் இருப்பவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார்கள்: இளைஞர்கள். அந்தப் பதில் தவறல்ல. சர்க்காரின் கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஆனால் சரியான பதில்கள்கூடச் சில சமயம் தவறான எண்ணங்களை வளர்த்துவிடுவதுண்டு. இந்தப் பதிலும் அப்படி ஓர் எண்ணத்தை நம்மிடையே வளர்த்திருக்கிறது என்பதே என் மனத்தாங்கல்.

கதை எழுதுகிறவனுக்குப் புள்ளிவிவரத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கென்னவோ அந்த அட்டவணைகளும் கதைகளாகத்தான் தோன்றுகின்றன. பாத்திரங்களின் பெயர்களை மட்டும் அடித்துவிட்டு வயதையும் எண்ணையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அடித்த பெயர்களை மீண்டும் எழுதிப் பார்ப்பது என் தொழில்.

2017 முதல் மத்திய சர்க்காரின் புள்ளியியல் அலுவலகம் வீடு வீடாகச் சென்று உழைப்போர் கணக்கை எடுத்து வருகிறது. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரை எடுத்த கணக்கைப் பாருங்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வேலை செய்கிறவர்களையும் வேலை தேடுகிறவர்களையும் சேர்த்து நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், வேலை கிடைக்காதவர்கள் 3 பேருக்குச் சற்று அதிகம். 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மட்டும் தனியே பிரித்தால் அதே எண் 10ஐத் தாண்டுகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், 2017-18ல், அது 17க்கும் மேலே இருந்தது. முப்பது வயதைக் கடந்ததும் எண் மளமளவென்று இறங்குகிறது. அறுபதைக் கடந்தவர்களிடம் வந்து பார்த்தால் அது ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது.

வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் இந்தக் கணக்கை மட்டும் கொடுத்துப் பாருங்கள். “உங்கள் நாட்டு முதியவர்கள் பாக்கியசாலிகள். வேலையில்லாத கிழவரே உங்கள் நாட்டில் இல்லை!” என்று அவர் வாழ்த்திவிட்டுப் போவார். நாம் வாழ்த்துவதில்லை, சண்டை போடுகிறோம். “பெரியவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கிறார்கள், அதனால்தான் எங்களுக்கு இடமில்லை” என்பது ஒரு பக்கத்துக் குரல். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளைந்து வேலை செய்ய மனமில்லை” என்பது மற்றொரு பக்கத்துக் குரல். ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டை உண்டுகொண்டே இந்த இரண்டு குரல்களும் வாதாடுகின்றன. யார் பக்கம் நியாயம் இருக்கிறது?

தீர்ப்புச் சொல்லுமுன் ‘வேலையில்லாதவர்’ என்ற சொல்லுக்குக் கணக்கெடுப்பில் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வேலை இல்லாமலிருப்பது மட்டும் போதாது. வேலை தேடிக்கொண்டோ, கிடைத்தால் செய்வதற்குத் தயாராகவோ இருக்க வேண்டும். இடையில் வயிற்றுக்காக வேறு ஏதாவது வேலையைப் பிடித்துக்கொண்டால் கணக்கு மாறிவிடும். வாரக் கணக்கில், அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தவர்கூட வேலையுள்ளவர்தான். சாலையோரத்தில் நான்கு தேங்காயைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு வாங்குவாரில்லாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டி வேலையுள்ளவள். மகனுடைய கடையில் கூலியில்லாமல் பொட்டலம் மடிக்கும் தாத்தாவும் வேலையுள்ளவர். அந்த வேலையில் வருமானம் வந்ததா, மரியாதை வந்ததா, அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று இந்த எண் சொல்லாது.

ஆகவே இந்தக் கணக்கில் வேலையில்லாதவன் என்று பெயர் வாங்க வேண்டுமானால் ஒருவனுக்கு ஒரு தகுதி வேண்டும். காத்திருக்க முடிகிற தகுதி. இன்று வேலை செய்யாவிட்டாலும் இன்று இரவு சாப்பாடு உண்டு என்ற நிலை இருந்தால்தான் ஒருவன் காத்திருக்க முடியும். அந்தச் சாப்பாட்டை யாரோ ஒருவர் உழைத்துப் போட்டாக வேண்டும்.

இதற்குச் சாட்சியாக இன்னொரு கணக்கைச் சொல்லுகிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பும் டில்லியிலுள்ள மனித மேம்பாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் சேர்ந்து 2024ல் இந்தியாவின் வேலைநிலை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் நூற்றுக்கு 3.4 பேர். பட்டம் பெற்ற இளைஞர்களில் நூற்றுக்கு 29.1 பேர். படிக்கப் படிக்க வேலை கிடைக்கும் என்று சொல்லித்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்? கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று திகைப்பு வரும். ஆனால் காத்திருக்கும் தகுதியை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் திகைக்க ஒன்றுமில்லை. எழுத்தறியாதவன் காத்திருக்க முடியாது. விடிந்ததும் சித்தாள் வேலைக்கோ மூட்டை தூக்கவோ போய்விடுகிறான். பட்டதாரி காத்திருக்கிறான், அவனைக் காத்திருக்க வைக்க ஒரு குடும்பம் பாடுபடுகிறது.

அப்படிப் பாடுபடுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். சென்னையில் நான் வசிக்கும் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு இரவுக் காவலாளியாக இருந்தார். வயது அறுபத்தாறு. சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். தறி ஓய்ந்த பிறகு பட்டணத்துக்கு வந்து காக்கிச் சட்டை போட்டுக்கொண்டார். இரவு எட்டு மணிக்கு வந்தால் காலை எட்டு மணிக்குத்தான் விடுதலை. நான் இரவு வெகுநேரம் விழித்திருப்பவன். காற்றாட நடக்கும்போது அவரோடு பேசுவது வழக்கமாகிவிட்டது.

அவருடைய கடைசி மகன் பொறியியல் படித்தவன். மதுரையில் நாலைந்து நண்பர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கி, நான்கு ஆண்டுகளாகச் சர்க்கார் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

“அதுவரைக்கும் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகலாமே, பெரியவரே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போனான் சார். ஒரு வருசம் போனான். மாசம் பன்னெண்டாயிரம். காலைல போனா ராத்திரி பத்து மணிக்கு வருவான். படிக்க முடியலைன்னான். நாந்தான் விட்டுட்டு வந்திருன்னு சொன்னேன்.”

“நீங்களா சொன்னீங்க?”

“ஆமா சார். நான் இங்க நின்னாத்தான் அவன் அங்க ஒக்காந்து படிக்க முடியும்.”

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: “பணம் அனுப்புற அன்னைக்கு மட்டும் போனை எடுக்க மாட்டான் சார். மறுநா அவனே கூப்பிடுவான். வெக்கப்படுறான்போல.”

கணக்கெடுக்க வந்தவர்கள் இந்தக் குடும்பத்தை எப்படி எழுதியிருப்பார்கள்? தகப்பனை முதியவர்களின் வரிசையில் ‘வேலையுள்ளவர்’ என்று எழுதியிருப்பார்கள். மகனை இளைஞர் வரிசையில் ‘வேலையில்லாதவர்’ என்று எழுதியிருப்பார்கள். படிக்கிறவர்கள் தகப்பனுடைய வரிசையைப் பார்த்து ஆறுதல் அடைவார்கள். மகனுடைய வரிசையைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தின் ஒரே துன்பம் என்பது அட்டவணையில் எங்கும் தெரியாது.

இந்த மகனைச் சோம்பேறி என்று சொல்லலாமா? அப்படிச் சொல்லுகிறவர்கள் ஒரு தடவை அந்தப் பரீட்சைகளின் கூட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018ல் இந்திய ரயில்வே ஏறக்குறைய 90,000 இடங்களுக்கு ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தது. 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் மனுப் போட்டார்கள். 2022ல் தமிழ்நாட்டுத் தேர்வாணையம் குரூப் 4 பரீட்சையில் 7,301 இடங்களை அறிவித்தது. மனுச் செய்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். அதாவது ஓர் இடத்துக்கு 300 பேர். சோம்பேறிகளா இத்தனை பேர் கூடுவார்கள்? கிராமத்து நூலகத்தில் காலை முதல் மாலை வரை தரையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு எந்த அலுவலகக் குமாஸ்தாவின் உழைப்புக்கும் குறைந்ததல்ல. கூலி மட்டும்தான் இல்லை.

இத்தனை உழைப்பும் எதற்காக? இளநிலை உதவியாளர் பதவி ஒன்றும் இந்திர பதவி அல்ல. அதைவிட அதிகச் சம்பளம் தரும் தனியார் வேலைகளும் உண்டு. ஆனாலும் அந்த 22 லட்சம் பேருக்கும் ஒன்று தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நோய்வாய்ப்பட்டால் மறுநாள் வேலை போய்விடாது. அறுபது வயதில் கை ஓய்ந்தால் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதில்லை. அந்தக் காவலாளியின் மகன் தேடுவது வேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவன் தேடுவது தன் தகப்பனுக்குக் கிடைக்காத முதுமையை. அறுபத்தாறு வயதில் இரவெல்லாம் வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காக அவன் இருபத்தாறு வயதில் காத்திருக்கிறான். தகப்பனின் களைப்பைக் கண்டு பயந்து மகன் காத்திருக்கிறான். மகன் காத்திருப்பதால் தகப்பன் மேலும் களைக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். இளைஞனின் வேலையின்மையும் முதியவரின் ஓய்வின்மையும் எதிரெதிர்த் தட்டுகளில் இருக்கும் இரண்டு எடைக்கற்கள் அல்ல. ஒரே நோய் இரண்டு வயதில் இரண்டு விதமாகத் தெரிகிறது.

இதை மறந்துவிட்டு, ஒரு தட்டைத் தாழ்த்தினால் மறு தட்டு உயரும் என்று நம்பிச் சர்க்கார்களும் செயல்பட்டிருக்கின்றன. நம் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு ஓய்வு வயது முன்பு 55. 1962ல் 58 ஆயிற்று. 1998ல் 60 ஆயிற்று. தமிழ்நாட்டில் 2020ல் 59 என்றும் 2021ல் 60 என்றும் உயர்த்தினார்கள். ஒவ்வொரு தடவையும் இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். கேரளத்தில் முணுமுணுப்போடு நிற்கவில்லை. 2022 அக்டோபர் இறுதியில் பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக்கி உத்தரவு போட்டார்கள். ஆளும் அணியைச் சேர்ந்த இளைஞர் சங்கங்களே எதிர்த்து நின்றன. சில நாட்களுக்குள் உத்தரவை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

வெளிநாடுகளில் இதற்கு நேர்மாறாகச் செய்து பார்த்தார்கள். பிரான்ஸில் 1982ல் சட்டம் செய்து ஓய்வு வயதை 65லிருந்து 60க்கு இறக்கினார்கள். முதியவர்கள் எழுந்தால் இளைஞர்கள் உட்காருவார்கள் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பிரிட்டனில் 1977 முதல் 1988 வரை ஒரு திட்டமே நடத்தினார்கள்: வயதானவர் முன்கூட்டியே விலகி, அந்த இடத்துக்கு வேலையில்லாத ஒருவரை முதலாளி எடுத்துக்கொண்டால், விலகியவருக்குச் சர்க்கார் உதவித்தொகை கொடுத்தது. பலன்? அந்த ஆண்டுகளில் இரண்டு நாடுகளிலும் வேலையற்ற இளைஞர்களின் கூட்டம் பெருகிற்றே தவிரக் கரையவில்லை. ஜானதன் க்ரூபர், டேவிட் வைஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 12 நாடுகளின் நெடுநாளைய கணக்குகளை ஆராய வைத்து 2010ல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டார்கள். முதியவர்கள் அதிகமாக வேலை செய்யும் இடத்தில் இளைஞர்களுக்கு வேலை குறைகிறது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டு வயதினருக்கும் வேலை சேர்ந்தே பெருகுகிறது, சேர்ந்தே சுருங்குகிறது.

காரணம் எளியது. ஒரு நாட்டின் வேலை என்பது பந்தியில் வைத்த ஒரு பானைச் சோறு அல்ல, ஒருவர் உண்டால் மற்றவருக்குக் குறைய. சம்பாதிக்கிற முதியவர் செலவும் செய்கிறார். அந்தச் செலவு இன்னொருவருக்குச் சம்பாத்தியம் ஆகிறது.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. நாட்டுக்கு உண்மையாக இருப்பது ஒரு தனி மனிதனுக்கும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சர்க்கார் அலுவலகத்தில் நாற்காலிகள் எண்ணி வைத்தவை. ஓய்வு வயதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால் அந்த இரண்டு ஆண்டுகளில் காலியாக வேண்டிய இடங்கள் காலியாவதில்லை. அதற்குள் ஒருவனுக்கு வயது வரம்பு கடந்துவிடும். அவனிடம் போய், “தம்பி, பொருளாதாரம் என்பது பந்திச் சோறு அல்ல” என்று உபதேசம் செய்தால் அவன் சிரிப்பான். சிரிக்க உரிமையும் அவனுக்கு உண்டு. இழந்தது அவனுடைய ஒரே வாய்ப்பு. மொத்தக் கணக்கில் உண்மை பேசிவிட்டோம் என்ற திருப்தியில் அவனை மறந்துவிடக் கூடாது. அவனுடைய கோபம் நியாயமானது. அது போய் விழும் இடம்தான் தவறு. நாற்காலியில் இன்னும் இரண்டு ஆண்டு உட்கார்ந்திருக்கும் முதிய குமாஸ்தா அவனுக்குப் பகைவர் அல்ல. அந்த நாற்காலி ஒன்றுதான் மனிதனுக்குப் பாதுகாப்பு என்ற நிலையை இத்தனை ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருக்கும் நாம் எல்லாரும்தான் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

காத்திருப்பு ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் மாரியன்தால் என்ற ஊரின் கதையைக் கேட்க வேண்டும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே உள்ள சிற்றூர் அது. ஊர் முழுவதற்கும் ஒரே ஒரு ஆலைதான் சோறு போட்டது. 1929ல் தொடங்கிய நெருக்கடியில் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். மேரி யஹோடா என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் அங்கே போய் மக்களைக் கவனித்து 1933ல் ஒரு நூல் எழுதினார்கள். வேலை போய்விட்டது, பொழுது ஏராளமாகக் கிடைத்தது. அப்படியானால் மக்கள் அதிகமாகப் படித்திருப்பார்கள் அல்லவா? இல்லை. நூலகத்தில் கட்டணத்தையே நீக்கிய பிறகும் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் நடக்கும் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். நடக்கும்போதே நின்று நின்று நடந்தார்கள். இன்று என்ன செய்தாய் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் மட்டும் விரைந்து நடந்தார்கள். அவர்களுடைய வேலையை எந்த ஆலையாலும் மூட முடியவில்லை.

இதிலிருந்து நான் கற்றது, வேலை என்பது கூலிக்கு மட்டும் அல்ல என்பது. நாளுக்குக் காலை, மாலை என்று ஓர் உருவத்தைக் கொடுப்பது வேலை. நான் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்ற நினைப்பு மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. இருபது வயதில் அந்த நினைப்பைப் பெறாதவன் முப்பது வயதில் அதைப் பெறும்போது அவனுக்குள் ஏதோ ஒன்று முன்பே தேய்ந்து போயிருக்கும். 2023ன் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பதிவேட்டில் 67 லட்சம் பேருக்கு மேல் பெயர் இருந்தது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களும் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பித்து, புதுப்பித்து, ஓய்வு பெற வேண்டிய வயதிலும் முதல் வேலைக்குப் பெயரை வைத்திருந்தவர்கள்! அந்த ஆயிரங்களை நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம். அதைவிடத் துயரமான கதையை நான் எழுதியதில்லை.

முதியவர்களின் பக்கம் வருவோம். ‘உழைக்கிற வரைக்கும்தான் மரியாதை’ என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அதைக் கேட்டுவிட்டு, முதியவர்கள் விரும்பித்தான் உழைக்கிறார்கள் என்று நாம் சமாதானம் செய்துகொள்கிறோம். விரும்பி உழைப்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் 2017-18ல் நாடு முழுவதும் முதுமையைப் பற்றி எடுத்த பெரிய ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூவரில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் கூலி வேலையிலும் இருந்தவர்கள். இவர்களுக்கு ஓய்வு வயதை 58 என்றோ 60 என்றோ யாரும் உத்தரவு போட்டதில்லை. உடம்பு உத்தரவு போடுகிற அன்றைக்குத்தான் ஓய்வு.

வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கியிருக்கும் முறையைப் பார்த்து நான் பல தடவை வியந்திருக்கிறேன். உழவு என்று ஓர் அதிகாரம். அதை அடுத்து நல்குரவு. அதை அடுத்து இரவு. அதற்கும் அடுத்து இரவச்சம். தொழில், அது போனால் வறுமை, வறுமை வந்தால் கையேந்துதல், கையேந்துவதற்கு அஞ்சும் அச்சம். நம் முதியவர்கள் பலருடைய உழைப்பின் பின்னால் நிற்பது கடைசியாகச் சொன்ன அந்த அச்சம்தான். பெற்ற மகனிடம்கூட வெற்றிலை பாக்குக்குக் காசு கேட்க நாக்கு எழாத மனிதர்கள் அவர்கள். அந்த மானத்தை நாம் ‘வேலையுள்ளவர்’ என்ற பத்தியில் எழுதி மூடிவிடுகிறோம்.

இந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை மறந்துவிட்டுத் தகப்பனையும் மகனையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காவலாளியின் மனைவி நாற்பது வருஷம் அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தவள். தறிக்குக் கிடைத்த கூலி அவர் பெயரில் வந்தது. 2023-24 கணக்கில், வேலை செய்கிறவர்கள் என்று எழுதப்பட்ட பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இப்படிக் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கைகொடுப்பவர்கள்தான். இவர்கள் எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தார்கள்? எந்த வயதில் ஓய்வு பெறுவார்கள்? மாரியன்தால் பெண்களைப்போல இவர்களும் விரைந்து நடந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? திட்டம் போடுவது என் தொழிலல்ல. ஆனால் எது நியாயம் என்று சொல்ல எந்தக் குடிமகனுக்கும் தகுதி உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 41வது பிரிவை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். வேலை பெறும் உரிமைக்கும், கல்வி பெறும் உரிமைக்கும், வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய காலங்களில் சமூகத்தின் உதவி பெறும் உரிமைக்கும் சர்க்கார் தன் சக்திக்கு உட்பட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. வேலையின்மையையும் முதுமையையும் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நாம்தான் பிறகு அந்த இரண்டு சொற்களையும் பிரித்து, ஒன்றோடு ஒன்றைச் சண்டைக்கு விட்டோம்.

‘சக்திக்கு உட்பட்டு’ என்ற சொற்றொடரில் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று சிலர் சொல்லுவார்கள். சக்தி எவ்வளவு என்று பார்ப்போமே. தமிழ்நாட்டில் 1962ல் ஆதரவற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 2023ல் அதை 1,200 ரூபாய் ஆக்கினார்கள். மத்திய சர்க்கார் 1995ல் 75 ரூபாயில் தொடங்கியது; 2006ல் தன் பங்கை 200 ரூபாய் ஆக்கியது; அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக, எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த 200 அசையவே இல்லை. வேலையில்லாப் பட்டதாரிக்குத் தமிழ்நாட்டில் மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். அதுவும் பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்த பிறகு. இருநூறு ரூபாயில் ஒரு முதியவர் ஓய்வெடுக்க முடியுமா? அறுநூறு ரூபாயில் ஓர் இளைஞன் காத்திருக்க முடியுமா? முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மீதியைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் நம்முடைய எழுதப்படாத சட்டம். தகப்பன் நிற்பார், மகன் உட்காருவான், தாய் தார் சுற்றுவாள். குடும்பப் பாசத்தைப் புகழ்ந்துகொண்டே அதன் முதுகில் நாட்டின் கடமையை ஏற்றி வைத்திருக்கிறோம்.

இளைஞனுக்குத் தொடங்கும் உரிமை வேண்டும். முதியவருக்கு நிறுத்தும் உரிமை வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் தனியே கிடைக்காது என்பதே என் முடிவு. எந்தத் தொழில் செய்தவருக்கும் முதுமையில் மானத்தோடு சாப்பாடு உண்டு என்று ஆகிவிட்டால், 7,301 நாற்காலிகளுக்காக 22 லட்சம் பேர் வாலிபத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. தச்சு வேலைக்கும், கடைக்கும், பட்டறைக்கும், சிறு கம்பெனிக்கும் பயமில்லாமல் போவார்கள். அங்கே கௌரவமான கூலி கேட்கவும் துணிவார்கள். முதியவரின் ஓய்வுக்குக் கொடுக்கும் பணம் தர்மச் செலவு அல்ல. இளைஞனுடைய அச்சத்தை நீக்குவதற்குக் கொடுக்கும் விலையும் அதுவே.

இனி ஆண்டுதோறும் பத்திரிகையில் அந்தக் கணக்கு வெளிவரும்போது, இளைஞர்களின் வேலையின்மை இவ்வளவு என்ற முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள். விரலைக் கீழே கொண்டுபோய், அறுபதைக் கடந்தவர்களின் வரிசையில் ஒன்றுக்கும் கீழே நிற்கும் அந்தச் சின்ன எண்ணைப் பாருங்கள். எந்த நாட்டில் அந்த முதியவர்கள் நிம்மதியாக உட்கார முடிகிறதோ, அந்த நாட்டில்தான் இளைஞர்கள் பயமின்றி எழுந்து நடப்பார்கள்.